துண்டு எழுதியாயிற்று, பேர் யார் போடுவது?

பேராதனை மருத்துவப் பீடத்திலும் பல் மருத்துவப் பீடத்திலும் படித்து, இன்று லண்டன், மெல்பேண், டொரன்டோ என்று பரந்திருக்கும் வைத்தியர்களுக்கு,

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்து இல்லாமல் நாள் குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தார்கள். அந்தச் செய்தி வந்த நேரம் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் இருந்தார். செய்தி தன்னைக் கலங்கவைத்ததாகவும், என்ன உதவி வேண்டும் என்று கேட்கும்படி இந்திய உயர்ஸ்தானிகரிடம் சொல்லியிருப்பதாகவும் அவரே வெளிப்படையாக எழுதினார். மருந்து வந்தது. தமிழ்நாட்டு அரசும் அரிசி, பால்மாவோடு மருந்தும் கப்பலில் அனுப்பியது. அந்த மாதங்களில் உங்களில் பலர் கைப்பணத்தைப் போட்டு, தெரிந்தவர் பெட்டிகளிலெல்லாம் மருந்தைத் திணித்து அனுப்பினீர்கள். வீடு பற்றி எரியும்போது யார் எந்த வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நான் எழுத வந்தது எரியாத வருடங்களைப் பற்றி. வருடந்தோறும் ஏதாவது ஒரு பேட்ச் கூடுகிறது. பழைய படங்களைப் போட்டுச் சிரித்து முடிந்ததும், படித்த இடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டாமா என்று ஒருவர் கேட்கிறார். கேட்பவர் நல்ல மனிதர். அதன்பின் நடப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு இயந்திரம் வாங்கலாம், ஒரு வாட்டைப் புதுப்பிக்கலாம், தோட்டப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் வைக்கலாம். இயந்திரத்தில் பேட்ச்சின் பெயர் ஒட்டப்படும். அது கெட்டுப்போனால் உதிரிப்பாகத்துக்கு யார் காசு கொடுப்பது என்று நாடா வெட்டும் நாளில் யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை. முகாமைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

முகாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டப் பாடசாலையிலோ கோயில் முற்றத்திலோ பேனர் கட்டுவார்கள். சீனி பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், கண்ணாடி கொடுப்பார்கள், பிள்ளைகளுக்கு விட்டமின் கொடுப்பார்கள். (2016ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள். நாட்டிலேயே கூடிய அளவு அதுதான். ஒரு போத்தல் விட்டமினால் தீர்கிற விஷயம் அல்ல.) வருத்தம் பெரிதாகத் தெரிந்தால் துண்டு எழுதிக் கையில் கொடுத்து, "கண்டிக்குப் போய்க் காட்டுங்க" என்பார்கள். பின்னேரம் வேன் இறங்கிப் போய்விடும். அந்தத் துண்டு பல லயக்காம்பராக்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், சாமிப்படத்துக்குப் பின்னால் மடிந்து கிடக்கிறது.

ஏன் போகவில்லை என்று கேட்டால், "போனா பேர் போயிடும், தம்பி" என்பார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மலைக்குப் போகாவிட்டால் ஒன்றுமே இல்லை. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. நோயாளி தனியாகப் போக முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். அவரும் தோட்டத்து ஆள் என்றால் இரண்டு பேர், அந்த 2024ஆம் ஆண்டுக் கணக்கில் 2,700 ரூபா, கிளினிக்குக்குள் கால் வைக்க முன்னரே போய்விடுகிறது.

பயணத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் அநேகர் அந்த வழியை மறுமுனையிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு மேல்கணக்கு, அதாவது தோட்டத்தின் உயரே உள்ள பிரிவு, என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு நடை. ஆட்டோ பிடித்தால் பஸ்காசை விட அது கூடும். பஸ்ஸில் நோர்வூட், டிக்கோயா, ஹட்டன். அங்கே மாறி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பிறகு பேராதனை. காலையில் நம்பர் எடுக்க வேண்டுமென்றால் இருட்டிலேயே எழும்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு பரிசோதனைக்கு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அதன் முடிவைக் கேட்க மற்றொரு நாள். வைத்தியர் கண்ணில் இவை மூன்று "விசிட்". லயத்தில் இவை ஆறு பேர்.

துண்டு கிடைத்தவர்களில் பலர் போய்ச் சேருவதில்லை என்பது என் ஊகமல்ல. உங்கள் பீடத்தோடு சேர்ந்த ஒரு பழைய கணக்கே இதைச் சொல்கிறது. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் சமன் வர்ணகுலசூரியவும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாய்ப்புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க வைத்தியர்தான் வேண்டுமா, கிராமங்களில் ஏற்கெனவே இருக்கும் ஆரம்ப சுகாதாரப் பணியாளருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. இலங்கையில் 34 பணியாளர்கள் ஒரு வருடத்தில் 28,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். சந்தேகப்பட்ட 1,220 பேரைப் பெரிய நிலையத்துக்கு அனுப்பினார்கள். வந்து சேர்ந்தவர்கள் 660. வந்தவர்களில் பெரும்பாலானோர் விஷயத்தில் அந்தப் பணியாளர்களின் சந்தேகம் சரியாகவே இருந்தது.

மருத்துவ உலகம் அந்தக் கட்டுரையில் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டது, குறைந்த பயிற்சியோடு கிராமப் பணியாளரும் நோயை இனங்காண முடியும் என்பதை. அது நியாயமான பெருமை, உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மற்றப் பாதியை. கண்டுபிடித்தாயிற்று, துண்டும் எழுதியாயிற்று. ஏறக்குறைய பாதிப் பேர் வரவில்லை. நாற்பது வருடத்துக்கு முன்பே உங்கள் துறைக்கு விடை தெரிந்திருந்தது. ஓட்டை, நோயைக் கண்டுபிடிப்பதில் இல்லை. வழியில் இருக்கிறது.

தோட்டத்தை எடுத்தால் இது இன்னும் கூர்மையாகிறது. மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப்புற்றுநோயும் அதற்கு முந்திய நிலைகளும் எவ்வளவு என்று பேராதனைப் பல் மருத்துவப் பீடத்தார் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். குளிரில், மழையில், முதுகில் கூடையோடு சரிவில் நின்று பறிப்பவர்களுக்கு வெற்றிலைச் சுருள் பசியையும் அடக்குகிறது, குளிரையும் மறக்கவைக்கிறது. புகையிலை போடாத வெற்றிலைக்கு ஆபத்தில்லை என்று நம்புகிறவர் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் சொல்லிவிட்டது. கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு வரும். அல்லது தோல் இறுகி, மூன்று விரல் நுழைந்த வாய் ஒரு விரலுக்குத்தான் திறக்கும். காரம் பட்டால் எரியும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் பலரைக் காப்பாற்றலாம். ஆனால் நோவு பெரிதாக இல்லை, வேலை செய்ய முடிகிறது, ஆகவே போவதற்கு அவசரமில்லை. நோவு வந்து போகும்போது தாடையை வெட்டுவது பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வுகளுக்கு வாய் திறந்து காட்டியவர்கள் யார்? நீங்கள் மூன்றாம் வருடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பழகிய நெஞ்சு யாருடையது? ஈரல் வீங்கியிருப்பதை விரலால் உணரக் கற்றது யார் வயிற்றில்? கண்டியிலும் பேராதனையிலும் வாட்டுக் கட்டில்களில் மலையிலிருந்து இறங்கி வந்த தோட்டத்து ஆட்களும் கிடந்தார்கள். ஆறேழு மாணவர்கள் வரிசையாக வந்து அதே இடத்தை அமுக்கிப் பார்க்கும்போது பேசாமல் கிடந்தார்கள். போதனா வைத்தியசாலை என்ற ஏற்பாடே அப்படித்தான் நடக்கிறது, அதில் பிழை சொல்லவில்லை. ஆனால் கொடை என்று பேசத் தொடங்கினால், முதலில் கொடுத்தவர் அவர்தான். நீங்கள் அனுப்பும் காசைத் தர்மம் என்று எழுதாமல் கடன் என்று எழுதினால் கணக்கு ஒழுங்காகும்.

தோட்டத்துக்குத் தர்மம் வருவது இது முதல் தடவையும் அல்ல. இதற்கு நூறு வருடக் கதை ஒன்று உண்டு. முதலாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழுவை ஒழிக்க இலங்கைக்கு வந்தது. 1916இல் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் வேலை தொடங்கியது. சோதித்துப் பார்த்தபோது தோட்டத் தொழிலாளரிடையே பூச்சி இல்லாதவர்களைக் காண்பதே அரிதாக இருந்தது. பூச்சி குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கிறது, ஆள் வெளுத்துச் சோர்கிறான். தைமோல், பிறகு கீனோபோடியம் எண்ணெய் என்று மருந்து கொடுத்துப் பூச்சியை வெளியேற்றினார்கள். துரைமாருக்கும் சந்தோஷம், ஏனென்றால் இரத்தமுள்ள கூலி அதிகம் பறிப்பான்.

ஆனால் கொக்கிப்புழு மருந்தால் மட்டும் ஒழிவதில்லை. மலத்தோடு முட்டை மண்ணில் விழுகிறது, ஈரமண்ணில் புழுவாகிறது, வெறுங்காலின் தோலைத் துளைத்து மறுபடி உடம்புக்குள் ஏறுகிறது. லயத்துக்குக் கக்கூஸ் கட்ட வேண்டும். அதற்குச் செலவு தோட்டத்தின் தலையில். அங்கேதான் துரைமார் இழுத்தடித்தார்கள். மருந்து குடித்தவர் அடுத்த மழைக்குள் பழையபடி பூச்சியோடு நின்றார். சோமா ஹேவா என்ற ஆய்வாளர் இந்தக் கதையைப் பற்றி 1995இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். ராக்ஃபெல்லர்காரர்களும் பாடம் படித்தார்கள். தோட்டத்தில் மருந்தூட்டுவதை விட்டு, 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்றைத் தொடங்க உதவினார்கள். நாடு முழுவதற்கும் பின்னாளில் முன்மாதிரியான நல்ல வேலை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது மலை, பலன் போனது கடற்கரைப் பக்கம்.

கொடுப்பவர் தன் காசை மட்டும் கொடுத்து, முதலாளி கொடுக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதுதான் அங்கே நடந்த தவறு. மருந்துக்குப் பதில் இன்று துண்டு. கக்கூஸுக்குப் பதில் இன்று பேர். மற்றபடி நாம் அதே இடத்தில் நிற்கிறோம்.

கட்டடமும் இதைத் தீர்க்காது. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையைப் பார்த்திருப்பீர்கள். இந்திய அரசின் கொடையில் 150 கட்டிலோடு எழுந்தது. 2017 மே 12ஆம் திகதி நரேந்திர மோடி வந்து திறந்துவைத்தார். அன்று நோர்வூட் மைதானத்தில் கூடிய கூட்டத்தை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் கட்டடம் வேண்டியதுதான், பிரசவத்துக்கும் அவசரத்துக்கும் எத்தனை பேர் கண்டி ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது! 1990 என்று அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவையும் அதே மாதிரி இந்தியக் கொடையில்தான் 2016இல் தொடங்கியது. ஆனால் கட்டடத்தை டில்லி கொடுக்கலாம், விசேட வைத்தியரையும் தாதியையும் கொழும்புதான் அனுப்ப வேண்டும். வாய்க்குள் வெள்ளைத் திட்டோடு பறித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அம்புலன்ஸ் கூப்பிட முடியாது.

சரி, வழி என்ன என்று கேட்பீர்கள். புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. மதுரையில் 1976இல் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினோரு கட்டிலோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் வைத்தார்கள். சத்திரசிகிச்சை இலவசம் என்று சொல்லிப் பார்த்தார்கள். இலவசம் என்றாலும் ஆட்கள் வரவில்லை. பஸ்காசு இல்லை, கூட்டிப்போக ஆள் இல்லை, மதுரையில் எங்கே சாப்பிடுவது என்று தெரியாது. ஆகவே முகாமிலேயே பஸ்ஸை நிறுத்தி, தேர்ந்தவர்களை அப்போதே ஏற்றிக்கொண்டு போய், சோறு போட்டு, கண் திறந்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பின்னர் அது உலகில் மிகப் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. பஸ்ஸையும் சோற்றையும் அவர்கள் சிகிச்சைக்கு வெளியே வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பேராதனைக்கு அதை அப்படியே தூக்கிவர முடியாது. அரசு வைத்தியசாலை, அரசு விதிகள். ஆனால் சிலதைச் செய்யலாம். எல்லாவற்றுக்கும் முதலாக, ஆள் போவதைக் குறைக்கலாம். வெள்ளைத் திட்டிலிருந்து ஒரு சிறு துண்டுச் சதை எடுப்பதற்கு டிக்கோயா போதும், ஹட்டனிலிருந்து கைக்கெட்டும் தூரம். ஃபோர்மலின் போத்தலில் போட்ட சதை பேராதனைக்குத் தனியாகப் போகலாம். நோயாளி கூடவே போக வேண்டியதில்லை, முடிவு தொலைபேசியில் மேலே வரலாம். சதை எடுக்கத் தெரிந்த ஒருவர் மாதம் ஒரு தடவை மேலே வர வேண்டும், போத்தலை ஒழுங்காகக் கொண்டுபோக ஒருவர் வேண்டும், முடிவைத் தமிழில் சொல்லிப் பின்தொடர ஒருவர் வேண்டும். உங்கள் பேட்ச் வாங்க நினைக்கும் இயந்திரத்தின் காசில் இந்த மூவரை எத்தனை வருடம் நடத்தலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாமவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கிளினிக்கில், எது என்று சொல்ல மாட்டேன், என் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் மருந்தை எப்போது குடிக்க வேண்டும் என்று தாதி மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னார். அம்மா தலையாட்டினார். மிஸ்ஸி நல்லவர், கை ஜாடையும் செய்தார், சிரிக்கவும் செய்தார். வெளியே வந்ததும் அம்மா என்னிடம், "அவங்க சொன்னது என்ன, தம்பி?" என்றார். 1987இல் தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது, நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர், ஆனாலும் நிலைமை இது. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். நூற்றறுபது வருடம் கழித்து நாம் கேட்பது பாடநூல் அல்ல. கிளினிக் கதவடியில் தமிழ் தெரிந்த ஒரு ஆள். தோட்டத்துப் பிள்ளைகளில் ஓ.எல்., ஏ.எல். படித்து வேலை தேடி நிற்பவர் எத்தனையோ பேர். அவர்களில் சிலரைத் தாதிப் பயிற்சிக்கும் மருத்துவமாதுப் பயிற்சிக்கும் தயார்படுத்த ஒரு உதவித்தொகை போட்டால், பத்து வருடத்தில் பல கிளினிக்குகளில் மொழிபெயர்க்கத் தனி ஆள் தேவைப்படாது.

இனி பேர். இது எல்லாவற்றையும் விடக் கஷ்டம், அதனால்தான் கடைசிக்கு வைத்தேன். தோட்டங்களை 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்துக்கு விட்ட காலத்திலிருந்து, தோட்ட மருத்துவ வசதியை யார் பார்ப்பது என்ற இழுபறி ஓயவில்லை. சில ஆஸ்பத்திரிகளை அரசு எடுத்தது, மற்றவை தோட்டத்திடமே நின்றன. நடுவில் தோட்ட மக்கள் நலனுக்கென்று ட்ரஸ்ட் நிறுவனம் ஒன்று. யாரிடம் கேட்டாலும் அது அடுத்தவர் வேலை. நீங்கள் காசு கொடுத்துப் பேரை ஈடுசெய்யலாம், ஆரம்பத்தில் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அதோடு நின்றால் ராக்ஃபெல்லர் செய்ததைத்தான் செய்தவர்கள் ஆவீர்கள். கொடுக்கும்போது கம்பனியிடம் கையெழுத்துக் கேளுங்கள்: தோட்ட வைத்தியர் எழுதிய துண்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு, துணை போனவருக்கும் சேர்த்து, பேர் போடுவதாக. முதல் வருடம் முழுச் செலவும் உங்களுடையது, இரண்டாம் வருடம் பாதி கம்பனியுடையது, மூன்றாம் வருடம் முழுவதும் அவர்களுடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்கள் கேட்டால் தொழிற்சங்கத் தகராறு என்பார்கள். வெளிநாட்டிலிருந்து பத்து விசேட வைத்தியர்கள் கேட்டால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருக்கும். உங்கள் கையொப்பத்துக்கு இங்கே உள்ள மதிப்பு உங்கள் காசோலைக்கு உள்ளதை விடக் கூட என்பது உங்களுக்கே தெரியாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பஸ்காசுக்குப் படம் எடுக்க முடியாது. யாருக்கோ போட்ட ஒரு பேரில் பேட்ச்சின் பெயரை ஒட்ட முடியாது. ஆண்டறிக்கையில் ஒரு வரிதான் எழுதலாம், அனுப்பப்பட்டவர் இத்தனை, வந்து சேர்ந்தவர் இத்தனை என்று. 1984இல் அந்த வரி 1,220, 660. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு தோட்டத்தில் மட்டும் தொடங்கி, ஒரு வருடம் கழித்து அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எண் சரியில்லை என்றால் ஏன் என்று தோட்டத்து ஆட்களைக் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த ஒன்றுகூடல் எப்போது என்று எனக்குத் தெரியாது. நிகழ்ச்சி நிரலில் நன்கொடை என்று ஒரு விடயம் இருந்தால், அதற்கு முன் கம்பனிக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் போடுங்கள்.

அன்புடன்,
ஹட்டன் வாசி ஒருவர்